முதுகு தேயாத சவரக்கத்தி

பொலிஸ் மேசையில் பொலித்தீன் பைக்குள் கிடந்த சவரக்கத்தியைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆசை. தகதகவென்று பொன் நிறம், கறுப்புக் கைபிடி. அதே மாதிரி ஒன்றை வாங்குவதற்காக ஒரு மாதமாக போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதன் வெட்டும் வாயோரத்தில் காய்ந்து கிடந்த இரத்தம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

"மிஸ், இனி இத வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டேன்.

"வாயைக் கொஞ்சம் மூடுங்க அப்ராஸ்," என்றார் ஜெயரூபி.

பதினாறு வருடம் துறைமுகச் சுங்கத்தில் மற்றவர்களின் பெட்டிகளைக் கிளறிப் பார்த்துவிட்டு, இப்போது உட்துறைமுக வீதியில் வலைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் ஜெயரூபி. நான் கிண்ணியா அப்ராஸ். பெயருக்கு உதவியாளர். உண்மையில் அவருக்கு ஆட்டோ ஓட்டுவதும் அவரிடம் பேச்சு வாங்குவதும்தான் என் உத்தியோகம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு ஆளை நீதவானிட்டக் கொண்டுபோகோணும். அதுக்குப் பிறகு விளக்கமறியல் சிறைதான். சொல்லிப்போட்டன்."

ஆள் என்று அவர் சொன்னது சலூன்காரர் தாஹிரை. அவருடைய மனைவி ஸாலிஹா காலையில் எங்கள் படியேறி வந்து, "என்ட மனுசன வெளிய எடுத்துத் தாங்க" என்று மாத்திரம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதிருந்தாள். 

மிச்சக் கதையை இன்ஸ்பெக்டர் சொன்னார். திங்கட்கிழமை மஃரிபு நேரம், பொழுது படும்போது, படகு எஞ்சின் திருத்துகிற பாக்கியரத்தினத்தை அவருடைய பட்டறை வாசலில் வைத்து யாரோ பின்னாலிருந்து கழுத்தில் வெட்டிவிட்டார்கள். உயிர் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடக்கிறார். கத்தி அங்கேயே ஒரு படகுக்கு அடியில் அகப்பட்டது. இந்தப் பக்கத்தில் பொன் பூசிய கத்தி வைத்திருக்கும் ஒரே சலூன்காரர் தாஹிர். போதாததற்கு, சனிக்கிழமை பாக்கியரத்தினத்துக்குச் சவரம் செய்யும்போது அந்தக் கத்தி கன்னத்தைக் கீறி, சலூன் நிறைய ஆட்கள் பார்க்கப் பெரிய சண்டை.

"முலாம் பூசின தகரம் எண்டு பாக்கியரத்தினம் கத்தியிருக்கிறார். அடுத்த முறை கழுத்தில வச்சுக் காட்டுறன் எண்டு தாஹிர் சொல்லியிருக்கிறார். ஆறு பேர் கேட்டவங்க."

"கோபத்தில ஆயிரம் கதைக்கிறதுதானே சேர்," என்றேன். "நானும் மனுசியோட..."

"தாஹிர் என்ன சொல்றார்?" என்று ஜெயரூபி என் குடும்பக் கதையை வெட்டினார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சனிக்கிழமையே ரோசத்தில கத்தியக் கடல்ல எறிஞ்சிட்டாராம்! ஆனா திங்கட்கிழமை பின்னேரம் அவர்ட கையில அது இருந்ததக் கண்ட சாட்சி ஒண்டு எங்களிட்ட இருக்கு."

"ஆர் சாட்சி?"

"அது மட்டும் கேக்காதீங்க."

ஜெயரூபி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கத்தியை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். வாயோரம் ஒரு நகத்தின் அகலத்துக்குப் பொன் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. முதுகுப்பக்கம் கடையில் வாங்கிய மேனிக்கு மின்னியது. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது என்பது மாத்திரம் அவர் நன்றி சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

ஆட்டோவை எடுத்தேன். இந்த ஊர் வீதிகளில் மாடுபோலத் திரிகிற மான்கள் இரண்டு நடுவில் நின்று, ஹோர்ன் அடித்தும் அசையவில்லை.

"கடல்ல எறிஞ்சனான் எண்டு எவன் நம்புவான் மிஸ்? தாஹிர் நானா எனக்கு அண்ணன் மாதிரி, நல்ல மனுசன், ஆனா இது மட்டமான பொய்."

"அதான் எனக்கும் யோசனை. பொய் சொல்ல நினைச்சவர், ஆரோ களவெடுத்திட்டாங்க எண்டு லேசாச் சொல்லியிருக்கலாமே? சரி, கத்தி வித்தவனிட்ட விடுங்க."

சலூன் சாமான் விற்கும் இராகுலனின் கடை பிரதான வீதியில் இருந்தது. எங்களைக் கண்டதும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. சுங்கத்தில் இருந்த காலத்திலேயே ஜெயரூபியைத் தெரியுமாம். அப்படியென்றால் அவன் பயப்படுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"பொன் பூச்சுக் கத்தி ஒண்டு வேணும்," என்றேன் நான், ஆசையை மறைக்காமல்.

வியாபாரம் என்றதும் அவனுக்கு நாக்கு வந்துவிட்டது. "அருமையான சாமான் அண்ணை! டைட்டானியம் பூச்சு. கறல், துரு ஒண்டும் பிடிக்காது. தீட்டத் தேவையில்ல. ஒருக்கா வாங்கினா ஆயுசுக்கும் போதும்."

கத்தியை வாங்கி என் முன்கையில் வைத்து இழுத்தேன். ஒரு மயிர்கூட அசையவில்லை. சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கன்னத்தில் வைத்தும் பார்த்தேன். கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்த சுகம்தான் கிடைத்தது.

"டேய், இதால வாழைப்பழம் உரிக்கவும் ஏலாதே!"

"அது... முதல் ஒருக்கா மட்டும் தீட்டோணும் அண்ணை."

"தீட்டத் தேவையில்ல எண்டனீங்கள்?" என்றார் ஜெயரூபி.

இராகுலன் குரலைத் தாழ்த்தினான். "பூச்சு வாயிலயும் ஏறித்தான் வரும் மிஸ். அது போகுமட்டும் தேய்ச்சாத்தான் வெட்டும்."

"வெட்டுறதுக்குப் பூச்சுப் போகோணும் எண்டா, பிறகென்னத்துக்குப் பூச்சு?"

"வடிவுக்கு. பாக்க அழகா இருக்கத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மாதமாக நான் கனவு கண்டது வடிவுக்கா? ஜெயரூபியோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு கத்திக்கு இடம் உள்ள அட்டை. என் கையில் இருந்ததையும் சேர்த்தால் பத்து.

"எத்தினை வித்தனீங்கள்?"

"ஒண்டுதான். தாஹிருக்கு. நாலு மாதம் இருக்கும்."

"மற்றது கால் முளைச்சுப் போனதோ?"

அவன் வாசலை ஒருக்கா எட்டிப் பார்த்தான். "மிஸ், பொலிஸ் வந்து கடையப் பூட்டிப்போடும் எண்டு பயந்து சொல்லாம விட்டனான். ஞாயிற்றுக்கிழமை காலமை ஒரு ஆள் வந்தது. ஹெல்மெட்டக் கழட்டேல்ல. தாஹிர்ட கத்தி மாதிரியே வேணும் எண்டான். விலையும் கேக்கேல்ல, கொண்டுபோயிட்டான்."

"உயரமா, கட்டையா?"

"கவனிக்கேல்ல மிஸ். சத்தியமா."

ஹெல்மெட் போட்ட ஒரு ஆளை இவனே கற்பனை பண்ணினாலும் யாருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஜெயரூபி அந்தப் பத்தாவது கத்தியைப் பொதி செய்யச் சொன்னார். எனக்கு உள்ளம் குளிர்ந்து, "மிஸ், எனக்கா?" என்றேன்.

"இல்ல. பிரயோசனமான வேலைக்கு."

தாஹிரின் சலூன், மீன் மார்க்கட்டுக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. பின்னால் வீடு. ஸாலிஹா பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். அவளுடைய தம்பி ஸஜ்ஜாத் எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான். அக்காவின் வீட்டோடு இருந்துகொண்டு மீன் மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். மச்சானுக்காக இரண்டு நாளாக வேலைக்கும் போகவில்லையாம்.

"மச்சானுக்குக் கோபம் வந்தா கண் மண் தெரியாதுதான்," என்று அவன் பெருமூச்சு விட்டான். "அதுக்காக இப்படியும் செய்வாரா மிஸ்?"

பரிந்து பேசுகிறானா, குழி வெட்டுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸாலிஹாவும் சரியில்லை. ஜெயரூபி பின்பக்கம் போய் வளவைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "அங்க ஒண்டும் இல்ல" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கணவனை மீட்டுத் தரச் சொன்னவள் கதவை ஏன் மறிக்க வேண்டும்?

ஜெயரூபி வற்புறுத்தவில்லை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, தாஹிரின் பழைய சவரக்கத்திகள் மூன்றை எடுத்து மேசையில் பரப்பினார். "இப்ப எல்லாரும் பிளேட் மாத்திறதுதானே. இவர் இன்னும் இதத் தீட்டுறாரோ?"

"கேட்டு வாறவங்களுக்கு மட்டும்," என்றாள் ஸாலிஹா. முதல் தடவையாக அவள் குரலில் உயிர் வந்தது. "அந்தப் பொன் கத்திய வாங்கி, ஒரு மாதம் ஊருக்கெல்லாம் காட்டினார். தீட்டத் தீட்ட அதுர மினுக்கமெல்லாம் கழண்டு, சொறி பிடிச்ச மாதிரி வந்திட்டு. எல்லாரும் சிரிச்சாங்க. மனுசனுக்கு வெக்கம்."

"வீடியோ இருக்கு மிஸ்!" என்று நான் போனை நீட்டினேன். மூன்று கிழமைக்கு முந்தி தாஹிர் டிக்டொக்கில் போட்டது. யாருக்கோ சவரம் செய்துவிட்டுக் கத்தியைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டுகிறார். நான் நிறுத்திப் பெரிதாக்கினேன். வாய் வெள்ளை. முதுகும் வெள்ளை!

ஜெயரூபி பொலிஸில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் முதுகு முழுவதும் பொன்.

"அல்லாஹ்!" என்றேன். "இது வேற கத்தி! தாஹிர் நானா சொன்னது உண்மை! வாங்க, ஓடுவம்!"

"இருங்க. இன்ஸ்பெக்டர் என்ன கேப்பார்? தாஹிர் இன்னொண்டு வாங்கியிருக்கலாம் எண்டு கேப்பார். திங்கட்கிழமை அவர்ட கையில கத்தியக் கண்ட சாட்சியும் இருக்கு எண்டுவார்." அவர் இராகுலனின் பொதியைப் பிரித்து, புதுக் கத்தியையும் லாச்சியில் இருந்த தீட்டுக்கல்லையும் மேசையில் வைத்தார். "ஒரு புதுக் கத்தி வெட்டுறதுக்கு எவ்வளவு நேரம் தீட்டோணும் எண்டு எனக்குத் தெரியோணும். ஆராவது தீட்டிக் காட்டுங்க."

நான்தான் முந்தினேன். நாலு தேய்ப்பில் கத்தி வழுக்கி விரலைக் கல் சுரண்டிவிட்டது. "இந்தத் தொழிலுக்கு வேற ஆளப் பாருங்க," என்று விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஸாலிஹா கல்லில் தண்ணீர் தெளித்தாள். கத்தியைப் படுக்க வைத்தாள். வாயும் முதுகும் சேர்ந்து கல்லில் படும்படி வைத்து, மெல்ல முன்னுக்குத் தள்ளினாள். திருப்பினாள். இழுத்தாள். "இப்பிடித்தான் அவர் செய்யுற. முதுகு கல்ல விட்டு எழும்பினா சவரக்கத்தி பழுதாப்போகும் எண்டு சொல்லுவார்."

நாற்பது தடவை ஆகியும் மேசையில் கிடந்த நூலை அது அறுக்கவில்லை. முதுகில் பொன் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஜெயரூபி கடிகாரத்தைப் பார்த்து, "மூண்டாகுது, இது சரிவராதுபோல," என்று அலுத்துக்கொண்டார்.

"கொண்டாங்க இங்கால," என்றான் ஸஜ்ஜாத். "இப்பிடித் தடவிக்கொண்டிருந்தா பெருநாள் வந்திடும்."

அவன் கத்தியை அக்காவின் கையிலிருந்து வாங்கினான். பெருவிரலால் முதுகை உயர்த்தி, வாயை மட்டும் கல்லில் சரித்து, சரக் சரக்கென்று இழுத்தான். பன்னிரண்டு இழுவை. திருப்பிப் பன்னிரண்டு. நாள் முழுக்கச் சூரை, பாரை மீன்களை வெட்டுகிற கைக்கு அது விளையாட்டு வேலை. நூலைத் தூக்கிக் கத்தியில் போட்டான். நூல் இரண்டாக விழுந்தது.

"பாத்தீங்களா?" என்று சிரித்தான்.

"பாத்தனான்," என்றார் ஜெயரூபி.

கத்தியை மெதுவாக வாங்கி, பொலிஸ் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வாயோரம் ஒரு நகத்தின் அகலத்துக்குப் பொன் போயிருந்தது. ஸாலிஹாவின் கை மங்கச் செய்த அந்தச் சின்ன இடத்தைத் தவிர முதுகு மின்னியது. படத்தில் இருந்ததும் அதேதான். 

"அந்தக் கத்தியத் தீட்டினது சலூன்காரன்ட கை இல்ல," என்றார் ஜெயரூபி. "மீன் வெட்டுற கை."

ஸஜ்ஜாத்தின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மார்க்கட்டில நாப்பது பேர் இப்பிடித்தான் மிஸ் தீட்டுற. நாப்பது பேரையும் பிடிச்சு உள்ளுக்குப் போடப் போறீங்களா?"

நியாயமான கேள்வி. நான் ஜெயரூபியைப் பார்த்தேன்.  தாஹிரை வெளியில் எடுக்க இது போதலாம். யார் வெட்டியது என்று சொல்ல இது போதாது. இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டால் தாஹிரை விடவும் மாட்டார்.

"ஸஜ்ஜாத்," என்றாள் ஸாலிஹா. தம்பியின் முகத்தை அவள் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "மச்சான்ட கையில திங்கட்கிழமை கத்தியக் கண்ட எண்டு பொலிஸுக்குச் சொன்னது ஆரு?"

"எனக்கென்ன தெரியும் ராத்தா?"

"நீயா?"

அவன் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கி, குடிக்காமலே கீழே வைத்தான். 

ஸாலிஹா பின்கதவைத் திறந்துகொண்டு வளவுக்குப் போனாள். விறகுகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பழைய கருங்கல் துண்டு இருந்தது. மீன் கத்தி தீட்டுகிற கல். அதன் நடுவில் பொன் நிறமாக ஒரு கோடு, பக்கத்தில் இன்னும் இரண்டு. நகத்தால் சுரண்டினாலும் போகாதபடி கல்லுக்குள் ஏறியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குழாயடியில கண்டனான்," என்று அவள் ஜெயரூபியிடம் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை அவரப் பிடிச்சதும், அவர்தான் கத்தியத் தீட்டி வச்சிருக்கிறார் எண்டு நினைச்சு விறகுக்குள்ள ஒளிச்சிட்டன். என்ட மனுசன ரெண்டு நாளா நானே வெட்டினவனா நினைச்சு அழுதனான் மிஸ். அவர் இந்தக் கல்லத் தொடவே மாட்டார். மீன் நாத்தம் சவரக்கத்தியில ஏறும் எண்டுவார். அதுகூட எனக்கு நினைவு வரல்ல. ஞாயிற்றுக்கிழமை பகல் இந்தக் குழாயடியில இருந்தவன் இவன் மட்டும்தான்."

ஸஜ்ஜாத் கதிரையில் இருந்துவிட்டான். நான் வாசலை மறித்து நின்றேன். ஆனால் அவனுக்கு ஓடுகிற எண்ணமே இல்லை.

"டைனமைட் அடிச்சுப் பிடிச்ச கள்ள மீன்," என்றான் தரையைப் பார்த்து. "புல்மோட்டைப் பக்கத்தால கொண்டுவந்தனான். பாக்கியரத்தினம் அண்ணன் படகுல வச்சுக் கண்டிட்டார். நேவிக்குச் சொல்லுவன் எண்டார். கால்ல விழாத குறை, கேக்கல்ல. பயம் காட்டத்தான் ராத்தா போனனான். அவர் கத்தினதும் கை..."

"பயம் காட்டவா மச்சான்ட கத்தி மாதிரியே ஒண்டு வாங்கின?" என்றாள் ஸாலிஹா.

"மச்சான்ட கத்தியத்தான் லாச்சிக்குள்ள தேடினனான், இல்ல. அதான்..." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பழியை மச்சான்மேல் போட அவன் முன்கூட்டியே நினைத்திருந்ததைக் காட்டிய அந்த ஒரு பதிலோடு எனக்கு அவன்மேல் இருந்த கொஞ்ச இரக்கமும் போய்விட்டது.

ஜெயரூபி இன்ஸ்பெக்டருக்கு அழைப்பெடுக்கப் போனை எடுத்தார். ஸாலிஹா தடுத்தாள்.

"வேணாம் மிஸ். இந்த ஒழுங்கைக்குள்ள பொலிஸ் ஜீப் வர வேணாம். நானே கூட்டிட்டு வாறன்." தம்பியிடம் திரும்பினாள். "எழும்பு. முகத்தக் கழுவு."

அவன் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அவள் சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவின் பின்சீட்டில் ஜெயரூபி ஒரு பக்கம், ஸஜ்ஜாத் மறுபக்கம், நடுவில் ஸாலிஹா. தம்பியின் மணிக்கட்டை அவள் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் கண்டேன். அவன் அழுதான். அவள் அழவில்லை. என் ஆயுளில் ஹோர்ன் அடிக்காமல் உட்துறைமுக வீதியைக் கடந்தது அன்றுதான்.

பொலிஸ் வாசலில் இறங்கும்போது ஜெயரூபி என் பக்கம் குனிந்தார். "கேட்டனீங்களே அப்ராஸ், வாங்கலாமா எண்டு. சவரத்துக்கு வாங்காதேங்கோ. அந்தப் பூச்சு சாட்சி சொல்லத்தான் உதவும்." வழமையாக அதற்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று ஆட்டோச் சாவியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.

மணி மூன்று நாற்பது. இன்ஸ்பெக்டர் கல்லையும் பார்த்தார், இரண்டு கத்திகளையும் பார்த்தார், ஸஜ்ஜாத்தையும் பார்த்தார். அவருடைய சாட்சி அவருக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பெரிய புத்தகத்தை இழுத்துத் திறந்தார்.

"வாக்குமூலம் ஆர் குடுக்கிறது?"

"நான்," என்றாள் ஸாலிஹா.

"இவருக்கு நீங்க என்ன முறை?"

"கூடப்பிறந்த ராத்தா."

 உள்ளே கம்பிக் கதவுக்குப் பின்னால் தாஹிர் எழுந்து நின்று, எதற்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று விளங்காமல் மனைவியைக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் தொடங்கி, கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள்.  எழுதி முடித்து, இன்ஸ்பெக்டர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இதில கையொப்பம் வையுங்க."

பேனையை எடுக்க அவளுக்கு வலது கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்குள் இன்னும் தம்பியின் மணிக்கட்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

பிறகு விட்டாள்.